அரை அங்குலம்

அக்டோபர் பாதியில் தாள் வந்தது.
கட்டட நிலை அறிக்கை, மூன்று படிகள்,
நடுவே கார்பன்.
பெல்லாமி துரை முகம் நிமிராமல் சொன்னார்:
"யாவ் மா தேயில் ஒரு பள்ளிக்கூடம்.
சுவர் சரியில்லை என்று கேள்வி.
அளந்து வா."

யார் கேள்விப்பட்டது என்று நான் கேட்கவில்லை.
ஹாங்காங் கல்வித் துறையில்
பதினோரு வருடம் குமாஸ்தா.
எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருப்பதற்குத்தான்
பாதிச் சம்பளம்.

கப்பல்பட்டறைச் சங்கத்தின் பள்ளி அது.
அரிசி மண்டிக்கு மேலே, மூன்றாம் மாடி.
நூற்று நாற்பது பிள்ளைகள், ஆறு அறை, ஒரே குழாய்.
மாதத்தின் முதல் தேதி
சன்னலில் ஐந்து நட்சத்திரக் கொடி ஒன்று
மதியம்வரை தொங்கியதாம்.
கோப்பில் படம் இருக்கிறது.

கொடிதான் காரணம் என்று எழுதினால்
லண்டனில் யாராவது எழுந்து நின்று கேட்பார்கள்.
எல்லைக்கு அப்பால் ஒலிபெருக்கி அலறும்.
சுவர் காரணம் என்றால்
சுவருக்காக எவன் ஊர்வலம் போவான்?

சென்ற வருடம் பாட்டுப் புத்தகம்.
அதை மொழிபெயர்த்துக் கொடுத்தவனும் நானே.
'விடியல்' எத்தனை முறை என்று எண்ணச் சொன்னார்கள்.
பதினேழு.
சேவல் கூவும் குழந்தைப் பாட்டில் வந்ததையும் சேர்த்து.

தலைமையாசிரியை சிட் மான்-குவான்
தேநீர் தந்தாள். நான் குடிக்கவில்லை.
அவள் முன்னே நடந்து
ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டினாள்.
"நீங்களே கேளுங்கள்."
கடன் இல்லாதவன் குரலில்
சுவர் பதில் சொன்னது.

நாடாவின் மறுமுனையை
ஒரு பையன் பிடித்துக்கொண்டான்.
தாம் சூ-கீ. இரண்டாம் வகுப்பு.
அப்பன் கப்பலடியில் துரு சுரண்டுகிறவன்.
"என்ன தேடுறீங்க?"
விரிசல் என்றேன்.
"எவ்வளவு பெரிசு?"

என் பையிலிருந்த தாளில்
அரை அங்குலம் என்று
ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் தேடத் தொடங்கினான்.
மேசைக்கு அடியில், கரும்பலகைக்குப் பின்னால்,
தண்ணீர்ப் பானையை நகர்த்தி.
தொலைந்த காசைத் தேடும் சிரத்தை.
கடைசியில் உலகப் படத்தைத் தூக்கிப் பிடித்து
கத்தினான்:
"கிடைச்சிடுச்சு!"

ஒரு மயிரிழை.
சுண்ணாம்பு காய்ந்தபோது விழுந்தது.
என் நகம்கூட அதில் இறங்கவில்லை.
அவன் பல் தெரியச் சிரித்தான்,
எனக்கு உதவிவிட்டானாம்.
மான்-குவான் அவனைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம்.
நான் கையெழுத்துப் போட்டேன்.

ஷாம் ஷுய் போவில் என் அறைச் சுவரில்
பக்கத்து வீட்டார் மீன் பொரிப்பது தெரியும்,
மீன் எந்தப் பக்கம் கருகியது என்பதுவரை.
அதை அளக்க நாடா வந்ததில்லை.
எங்களிடம் கொடி கிடையாது.

வெள்ளிக்கிழமை போலீஸ் வந்து கதவில் அரக்கு வைத்தது.
உயிர் அபாயம், உட்புகத் தடை.
சனிக்கிழமை
அரிசி மண்டி வழக்கம்போல் திறந்தது.
அதே அபாயச் சுவரின் காலடியில்
இருபது கூலிகள்
மூட்டை இறக்கினார்கள்.

பிள்ளைகள் சங்கக் கட்டட மொட்டைமாடியில்
குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவதாகச் சொன்னார்கள்.
அதற்கும் ஒரு தாள் தயாராகிறது:
கைப்பிடிச் சுவரின் உயரம்.

படகுத்துறையில் ஒரு காலை
சூ-கீ என்னை அடையாளம் கண்டான்.
ஓடவில்லை. திட்டவில்லை.
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி
என் கண்ணுக்கு நேரே காட்டினான்.
வெளிச்சம்கூட நுழைய முடியாத இடைவெளி.
"இவ்வளவுதானே இருந்துச்சு?
நான் காட்டாம இருந்திருக்கலாமா?"

இவ்வளவுதான் என்றேன்.
இரண்டாவது கேள்விக்குள்
படகு வந்துவிட்டது.
ஏறிக்கொண்டேன்.